பெரிய டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டயர் அளவு இப்போது எங்குமே வருவதில்லை. டயர்க் கடை யாசின் பாய் இரண்டு மாற்று அளவுகளை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்.

“சின்னதையே போடுங்க சார். பெருசு மட்கார்டுல இடிக்கும். நேராத்தான் போகும், திருப்ப முடியாது.”

நாதமுனி மனைவி இந்துமதியின் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து காரையொட்டி நிறுத்தினார். கார் இருக்கை நாற்காலியைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.

“பெருசே மாட்டுங்க பாய்.”

மறுநாள் காலை இந்துமதி யாரும் தூக்காமல் நாற்காலியிலிருந்து நகர்ந்து காருக்குள் உட்கார்ந்தாள். பக்கவாதம் வந்தபின் இதுவே முதல்முறை. நாதமுனி ஷெட்டிலிருந்து நேராக ஓட்டி, கேட்டைத் தாண்டாமல் நிறுத்தினார். எதிரே மதில், தெரு இருபுறமும் போனது.

அந்தக் காரில் இண்டிகேட்டர் கிடையாது. இடப்பக்கம் திரும்பும்போது அவள்தான் கை காட்டுவாள். விளங்கும் ஒரே கையை இப்போதும் மெல்ல வெளியே நீட்டினாள். கடற்கரை அந்தப் பக்கம்தான்.

தெருவில் வந்த ஆட்டோ நின்று வழிவிட்டது.

“போங்க சார், அதான் அம்மா கை காட்டுறாங்கல்ல.”

நாதமுனி ரிவர்ஸ் கியர் போட்டார். கார் ஷெட்டுக்குள் போய் நின்றது. அவள் கை இன்னும் வெளியேதான் இருந்தது.