கோட்டுக்கு ஒரு முழம்

1913 நவம்பர். நெப்ராஸ்காவின் சின்னக் கல்லூரி மைதானம் மழையில் உழுத வயலாகக் கிடக்கிறது. இந்தப் பருவத்தில் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்ற கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி, எட்டாவதான கடைசி ஆட்டத்தில் இதுவரை ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பந்து அவர்களின் எல்லைக் கோட்டுக்கு ஒரு முழத்தில் இருக்கிறது; அதைக் கையில் ஏந்திக் கோட்டைத் தாண்டினால் எதிரணிக்குப் புள்ளி. நான்கு வாய்ப்புகளில் மூன்று முறை முட்டிப் பார்த்த எதிரணிக்கு இன்னும் ஒன்றே பாக்கி. ஒடிந்த விரலைப் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு, சேற்றில் கை ஊன்றிக் குனிந்திருக்கிறான் ஆரின். மூச்சு வெள்ளையாகப் புகைகிறது. எதிரே மலைபோன்ற ஒருவன் இளிக்கிறான். "ஏழு தடவ தோத்தது பத்தலையாடா? வழிய விடு." "நீயும் மூணு தடவ கேட்டுட்ட, விட்டேனா?" என்கிறான் ஆரின். பக்கத்தில் அணித்தலைவன் வெண்டல், உதட்டு ரத்தத்தோடு சிரித்துவிடுகிறான். "ஒரு அடி பின்னால போகக் கூடாதுடா, பசங்களா!" பந்தோடு எதிரணி கிளம்புகிறது. தோள்கள் மோதும் ஓசை மரம் முறிவதுபோலக் கேட்கிறது. எல்லோரும் ஒரே சேற்றுக் குவியலாகிறார்கள். நடுவர் ஒவ்வொருவராக இழுத்து விலக்குகிறார். அடியில் ஆரின் கிடக்கிறான்; அவன் காலுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருக்கிறது; பந்து அதைத் தொடவில்லை. கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவர் கையை உயர்த்த, கூட்டம் தொப்பிகளை வீசிக் கத்துகிறது. மலைபோன்றவன் குனிந்து கையை நீட்டுகிறான். "எந்திரிப்பா. உன் பேரென்ன?"