தசை சொன்ன பொய்

"ரெண்டாவது தடவையும் அதேதான். கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி நாலு. அனுமதிக் குழு ஒத்துக்காதும்மா" என்றபடி ரிப்போர்ட்டை நகர்த்தி வைத்தார் டாக்டர்.

எதிரே இருந்த பளுதூக்கும் பயிற்சியாளருக்கு முகம் சுண்டிப்போனது. தொண்ணூறு கிலோவை அலட்சியமாகத் தலைக்கு மேல் தூக்குகிறவள், அந்த ஒற்றைத் தாளை எடுத்துப் பார்க்கத் தயங்கினாள்.

"பதினெட்டாம் தேதிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு டாக்டர். ஒரு வருஷமா இதுக்குத்தான் நாயா அலைஞ்சிருக்கேன்."

"புரியுது. ஆனா அது கூடினா கிட்னி சரியா வடிகட்டலைன்னு அர்த்தம். அப்படிப்பட்டவங்களைக் குழு அனுமதிக்காது."

பக்கத்து நாற்காலியில் இருந்த மாமியார் இதற்காகவே காத்திருந்தவர் போல வாயைத் திறந்தார்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா? ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு இந்த வீம்பு? டாக்டரே வேணாம்னுட்டாங்க. எழுந்து வாடி."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க."

"ஏன் இருக்கணும்? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் பையனும் பிள்ளைங்களும்ல தெருவுல நிக்கணும்?"

மாமியாரின் நாக்கு எப்போதும் சாணை பிடித்தபடியேதான் இருக்கும். கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் மருமகளின் புஜத்தைப் பற்றி அவர் பேசாத பேச்சு இல்லை.

மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முதல் ரிப்போர்ட் வந்தப்பவே எனக்குச் சந்தேகம். என்கிட்ட பயிற்சி எடுக்கற பொண்ணுங்க ஏழு பேரையும் ரத்தம் கொடுக்க வெச்சேன். எல்லாருக்கும் கூடுதலாத்தான் இருக்கு. ஏழு பேருக்குமா டாக்டர் கிட்னி கெட்டுப்போயிருக்கும்?"

டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"தசை நிறைய இருந்தா கிரியேட்டினின் தானாவே கூடும். இதைச் சொன்னா குழுவுல நம்ப மாட்டாங்க, நம்பர் கேப்பாங்க. நாம வேற நம்பர் காட்டுவோம். சிஸ்டேடின் சின்னு ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. உங்க தசையை அது சட்டையே பண்ணாது. கிட்னி நிஜமா எப்படி இருக்குன்னு சொல்லிடும். இதயத்துக்கு ஆபத்து இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்."

"அதுவும் கூடுதலா வந்தா?" என்றார் மாமியார்.

"அதோட இந்தப் பேச்சை விட்டுட வேண்டியதுதான்."

நான்காம் நாள் அதே அறை. மருமகள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். டாக்டர் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தார்.

"சிஸ்டேடின் சி, பூஜ்யம் புள்ளி ஏழு. இருபது வயசுப் பொண்ணோட கிட்னி உங்களுக்கு. இதயத்துக்கும் ஒரு பயமும் இல்லை. குழு நேத்தே கையெழுத்துப் போட்டுடுச்சு. பதினெட்டாம் தேதி நிச்சயம்."

மருமகள் துள்ளி எழுந்து, இரும்புக் கம்பியைத் தூக்குவது போல இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கதவோரம் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஏழு பெண்களும் ஓவென்று கூச்சலிட்டார்கள். அவர்களை அடக்க வந்த நர்ஸும் சேர்ந்து கைதட்டினாள். மருமகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டேன் அத்தை."

மாமியார் நிமிரவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, அழறீங்களா?"

"அழாம என்ன பண்றது? இனிமே உன்னை ஒரு வார்த்தை திட்ட முடியுமாடி? பதினெட்டாம் தேதியிலேருந்து உன் கிட்னில ஒண்ணு எனக்குள்ள வந்து உக்காந்துக்கப் போகுதே" என்றார் மாமியார்.