நடுங்காத இன்ஜின்

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" பெட்டியும் சிறுமியுமாகப் பட்டறை வாசலில் நின்ற பெண் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"இன்ஜின் நடுக்கத்தை அடக்குற பேலன்சர் சக்கரம் கிராங்க் தண்டுல ஏற மாட்டேங்குது," என்றார் மெக்கானிக்.

"சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்க."

"தட்டினா கிராங்க் கெட்டுடும். அந்தச் சக்கரத்துல ஓடுற பெல்ட் நடுவழியில கழண்டா ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகிடும்." பிறகு கெஞ்சும் குரலில், "நாளைக்குக் கிளம்பக் கூடாதா?" என்றார்.

"இன்னைக்கு விட்டா எனக்கு மனசு மாறிடும்."

ஒரு போல்ட்டைக் குறைவாக முடுக்கினால் போதும், வண்டி தெருமுனையைத் தாண்டாது. மெக்கானிக் அதையும் நினைத்துப் பார்த்தார்.

ஆனாலும் நீள போல்ட்டைப் போட்டு, சுற்றுச் சுற்றாக முடுக்கி, பேலன்சரை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். இன்ஜினை ஓடவிட்டு அதன் மேல் கை வைத்துப் பார்த்தார். துளி நடுக்கம் இல்லை.

அந்தப் பெண் பெட்டியை ஏற்றிவிட்டு ஸ்டியரிங் முன் அமர்ந்தாள்.

பின்சீட்டிலிருந்து சிறுமி எட்டிப் பார்த்தாள். "நீங்க எப்ப வருவீங்க, அப்பா?"

அவர் பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"வழியில அம்மாகிட்ட பேச்சுக் கொடுக்காதடா கண்ணு. பார்த்து ஓட்டட்டும்," என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.