கோட்டு வேண்டாம்

அங்கப்பன் ஒருத்தர்தான் கையெழுத்துப் போடவில்லை.

"எல்லாரும் போட்டாச்சு. உங்களுக்கு மட்டும் என்னங்க தயக்கம்?" என்று மனுவை மறுபடி நீட்டினார் ஜாபர் அலி. ஏற்காடு பஜாரில் தேனும் மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடைக்காரர். அவர் மகள் ஷிரினும் அங்கப்பன் மகள் கௌரியும் நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஸ்வெட்டர் போதாதாம். நீலக் கோட்டுதான் போட வேண்டுமாம். யாரும் வாங்கக் கூடாது என்று பெற்றோரைத் திரட்டி, 'கோட்டு வேண்டாம்' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதற்குத் தலைவரும் ஆகிவிட்டார் ஜாபர் அலி. மனுவை எழுதிக் கொடுத்தவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சந்திரசேகர்; அவர் பையனும் அதே பள்ளிக்கூடம்தான்.

தலைச்சோலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அங்கப்பன் தலையைச் சொறிந்தார்.

"கோட்டு வேண்டாங்கறது சரிதானுங்க பாய். ஆனா கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு எம்புள்ள அழுதுச்சுன்னா ஓடிப்போயி வாங்கிக் குடுத்துருவனுங்க. அப்புறம் உங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அவர் போனதும், பக்கத்தில் இருந்த சந்திரசேகர் சிரித்தார். "பாத்தீங்களா பாய், உள்ளுக்குள்ள கோட்டு ஆசை. கூட இருந்தே காலை வாரிடுவான்."

அன்றைக்குக் குழுவில், பெயர் சொல்லாமல் அங்கப்பனைத் திட்டிப் பதினேழு செய்திகள். அதில் ஒன்பது ஜாபர் அலியுடையது.

நாலு நாள் கழித்து ஷிரின் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு?"

"அடுத்த வாரம் குரூப் போட்டோ அத்தா. கோட்டு இல்லாதவங்க எல்லாம் கடைசி வரிசையாம். நான் குள்ளம். கடைசியில நின்னா என் தலை முடிதான் தெரியும்."

"போட்டோ என்ன பெரிய போட்டோ! கொள்கைதான் முக்கியம்."

"கொள்கை எப்ப அத்தா போட்டோ எடுக்கும்?"

மனைவி ஆயிஷா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டது நீங்க. மறைஞ்சு நிக்கறது புள்ளையா?"

ராத்திரி பூரா அவருக்குக் கண்ணுக்குள் மகளின் தலைமுடி மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

ஏற்காட்டில் வாங்கினால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் சேலம் பஸ் ஏறினார். யூனிபார்ம் கடை இருக்கும் தெருவுக்குள் நுழையும்போது மங்கி குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வெயிலில் சேலத்திலேயே மங்கி குல்லாய் போட்டிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

"உடம்பு சரியில்லைங்களா சார்?" என்று கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீலக் கோட்டு. நாலாம் வகுப்பு. சீக்கிரம்."

பணம் கட்டி, கோட்டைப் பைக்குள் போட்டுக் கையில் வாங்கிய நிமிஷம், மூச்சிரைக்க உள்ளே வந்து நின்றார் அங்கப்பன்.

ஜாபர் அலி குல்லாயை இன்னும் கீழே இழுத்தார்.

"பாய், அந்தப் பையக் குடுங்க!"

"எ... எந்தப் பை?"

பையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார் அங்கப்பன். அதே நேரம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் ரைட்டர் சந்திரசேகர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாய்! நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார் சந்திரசேகர்.

ஜாபர் அலி வாயைத் திறந்தார்.

"நாந்தானுங்க கெஞ்சிக் கூட்டியாந்தேன்," என்றார் அங்கப்பன். "எம்புள்ளைக்குக் கோட்டு எடுக்கணும். எனக்கு அளவு தெரியாதுங்க. பாயி வரவே மாட்டேன்னாரு."

சந்திரசேகரின் முகம் சிவந்தது. "கையெழுத்துப் போடாதப்பவே நினைச்சேன்! ஊரே ஒண்ணா நிக்குது. நீங்க ஒருத்தர் கெடுக்கறீங்களே, வெக்கமா இல்லைங்களா? பாய், நீங்களே கேளுங்க!"

இரண்டு பேரும் ஜாபர் அலியைப் பார்த்தார்கள்.

அவர் குல்லாயைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"அங்கப்பன், நீங்க பண்ணது நொம்பத் தப்புங்க," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"தப்புத்தானுங்க பாய். மன்னிச்சுக்கங்க."

சந்திரசேகருக்குத் திருப்தி. கடைக்காரர் அவரிடம் திரும்பினார். "உங்களுக்கு என்ன சார் வேணும்?"

"எனக்கா? பனியன்... ஒரு பனியன்."

"இது ஸ்கூல் யூனிபார்ம் கடைங்க சார். பனியன் கிடையாதுங்களே."

அதற்கு மேல் அங்கே நிற்க ஜாபர் அலிக்குத் தெம்பில்லை. அங்கப்பனோடு வெளியே வந்தார். தெருமுனை தாண்டியதும் அங்கப்பன் பையை நீட்டினார்.

"புடிங்க பாய். பாப்பா நல்லாப் போட்டுக்கட்டும்."

"அங்கப்பன்... நான் உங்களை அங்க..."

"அதை விடுங்க. புள்ள அழுதா யாருக்குத்தான் மனசு கேக்கும்?"

"சரி, கௌரிக்கு எடுக்கவே இல்லையே? வாங்க, திரும்பிப் போயி எடுத்துடலாம்."

"அதுக்கு எடுக்கலீங்க. பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க நாலு பேரும் கோட்டு இல்லாமத்தான் நிக்கப்போவுதுங்க. அதுங்க கூடவே நின்னுக்கறேன்னு சொல்லிருச்சு."

ஜாபர் அலி நின்றுவிட்டார். "அப்ப, கோட்டு எடுக்காம நீங்க எதுக்குங்க கடைக்குள்ள வந்தீங்க?"

"தோட்டத்து மிளகை மண்டியில போட வந்தனுங்க பாய். எதுத்தாப்புல டீ குடிச்சுட்டு இருந்தேன். நீங்க உள்ள போறதப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல ரைட்டரு தெருவுக்குள்ள திரும்பறதையும் பாத்தேன். டீயைப் பாதியில வெச்சுட்டு ஓடியாந்துட்டனுங்க."