மீன் சுற்றிய நோட்டீஸ்

நிசாந்தி மீன் சந்தைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்தே நாலு பேர் வழிவிட்டார்கள்.

"இதில ஆர் பஸ்தியான்?"

"நான்தான். பாரை வேணுமா, சூடை வேணுமா?"

"எங்கட நோட்டீஸ் வேணும்!"

விஷயம் இதுதான். திருநங்கை நிசாந்தியும், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் என்று இன்னும் எட்டுப் பேரும் சேர்ந்து சிலாபத்தில் நடத்துவது உப்பங்காற்று நாடகக் குழு. இந்த வருஷம் புதிதாக மூன்று நாடகம், மாதத்துக்கு ஒன்று. மண்டபம் கொடுத்த தாஹிர் நாநா ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"மொத நாள் நூறு பேராச்சும் வரணும். வராட்டி மத்த ரெண்டையும் மறந்திடுங்க. ஊர் வாய்க்கு நான் பதில் சொல்லேலா."

சுவரில் நோட்டீஸ் ஒட்ட ஒருவரும் விடவில்லை. போங்கடா என்று விளக்குக் கம்பம் கம்பமாக நூலால் கட்டினார்கள். பின்னேரம் கட்டினால் விடிய இல்லை. மூன்று நாளாக இதே கூத்து. கடைசியில் குழுவில் நடிக்கும் லவன்தான் கண்டுபிடித்தான், அதுவும் மீன் வாங்கப் போன இடத்தில்.

"அக்கா, அந்த மனிசன் எங்கட நோட்டீஸிலதான் மீன் சுத்துது!"

இப்போது அவளே கண்ணால் பார்த்தாள். தராசுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்கு நோட்டீஸ். தலைக்கு மேலே பொலித்தீன் பை கட்டுக் கட்டாகத் தொங்குகிறது, அதை மனிதர் தொடுவதாயில்லை. இரண்டு பாரையை நோட்டீஸில் வைத்துச் சுற்றினார். 'ஒளிக்க மாட்டோம்' என்ற கொட்டை எழுத்தும், அவளுடைய முகமும், மண்டபமும் நேரமும் எல்லாம் வெளியில் தெரிந்தன. அடித்துண்டு மட்டும் இல்லை. கத்தியால் நேராக வெட்டியிருந்தது.

அவளுக்குக் கொதி ஏறியது. அந்தத் துண்டில்தான் மூன்றாவது நாடகத்துக்கு நடிகர் தேவை என்று போட்டிருந்தார்கள். அறுபது வயதுக் கிழவர் ஒருவர், தான் வாழ்நாளெல்லாம் விரும்பியது இன்னோர் ஆணைத்தான் என்று ஊர் முன்னால் சொல்கிற பாத்திரம். குழுவில் எல்லாரும் இளசுகள். ஆள் கிடைக்காவிட்டால் நாடகமும் இல்லை.

"அதை மட்டும் வெட்டி எறிஞ்சிருக்கிறீங்க. என்ன, வாசிக்கவே கூசுதோ?"

பஸ்தியான் குனிந்து கத்தியைத் துடைத்தார்.

பக்கத்துப் பலகையில் மீன் வெட்டிய பேதுருதான் சிரித்தார். "விடு தம்பி, மீனுக்காவது உதவட்டும்."

"தம்பியில்ல, நிசாந்தி! பேர் அதில பெரிசா அடிச்சிருக்கு. வாசிக்கத் தெரியாட்டி ஆரிட்டையாவது கேளுங்கோ."

பேதுருவின் சிரிப்பு அதோடு போய்விட்டது. அவள் பஸ்தியான் பக்கம் திரும்பினாள்.

"இஞ்ச பாருங்கோ ஐயா. நீங்க அறுக்க அறுக்க நாங்க கட்டுவம். இண்டைக்குப் பின்னேரம் இன்னும் நூறு கட்டுறன். ஏலுமெண்டா அறுங்கோ!"

பஸ்தியான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நூறு காணாது. நாளைக்குச் சனிக்கிழமை, யாவாரம் கூட."

சந்தையே சிரித்தது. அட கடவுளே, இப்படியும் ஒரு மனிதனா!

நிசாந்தி வீம்புக்கு இருநூறு அடித்தாள். இருநூறையும் கட்டினாள். விடிய ஒரு கம்பத்திலும் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முதல் நாடகம். பின்னேரம் நாலரை மணி. மண்டபத்தில் உட்கார நூற்றைம்பது கதிரை. வந்திருந்தது தாஹிர் நாநா, அவர் மனைவி கமீலா, வாசலில் இரண்டு காகம்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று நாநா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்கிறீங்கதானே, நாநா. ரெண்டு பேருக்கும் ஆடுவம்."

சொல்லிவிட்டுக் கண்ணுக்கு மை தீட்டப் போனாள். வந்தது இரண்டே பேர். அதற்காகத் தீட்டாமல் விட்டுவிடுவாளா?

ஐந்து மணிக்கு வெளியில் ஒரே சத்தம். கல்லெறிய வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். எறிகிறவன் எறியட்டும் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

கல்லுமில்லை, பொல்லுமில்லை. பெண்கள், பிள்ளைகள், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு புருஷன்மார். முன்னால் வந்த அயல் வீட்டுத் திரேசா அக்காவின் கையில் செதில் ஒட்டிய ஒரு நோட்டீஸ்.

"பாதையில நிண்டு இதை வாசிச்சா நாலு பேர் நாலு கதை கட்டுவினம், பிள்ளை. குசினிக்குள்ள வந்திட்டா ஆர் கேக்கிறது? அந்தப் பஸ்தியானும் சும்மா தாறதில்ல. முதல் வாசி, பிறகு மீனைக் கழுவு எண்டு சொல்லித்தான் தாறார்!"

நிசாந்தி வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். சனம் உள்ளே போய்க்கொண்டேயிருந்தது. கதிரை காணாமல் தாஹிர் நாநா வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டார்.

எல்லாருக்கும் கடைசியாக வந்தார் பஸ்தியான். முழுகி நரைத்த தலையை வாரி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு.

"ஐயா, நான் வாய்க்கு வந்தபடி கதைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் நிசாந்தி. "ஆனா ஏன் அந்த அடித்துண்டை மட்டும் வெட்டினீங்க?"

அவர் கையிலிருந்த பொலித்தீன் பையை நீட்டினார். உள்ளே வெட்டிய துண்டுகள், ஒன்று தவறாமல்.

"வேற ஆரும் அந்த வேஷத்துக்கு வந்திடக் கூடாதெண்டுதான், மகள்."