கனியம்மாள் வீட்டுக்குக் கிழக்கே

அவள் தெருவில் நின்று திசை தேடினாள். சூரியன் மேகத்துக்குள் இருந்தது.

எது கிழக்கு?

கையிலிருந்த தாளில் 'நான்கு எல்லை' என்று தலைப்பிட்டிருந்தாள். வடக்கு என்று எழுதியதை அடித்துவிட்டுத் தெற்கு என்று எழுதினாள். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

வழக்கில் ஜெயித்தாயிற்று. அம்மாவின் வளையல்களை வாங்கி அடகு வைத்துக் கடை போட்டவன் குருநாதன். பணத்தைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கொடுக்கவில்லை. அவன் வீட்டை ஜப்தி செய்யக் கேட்கலாம் என்றார் வக்கீல்.

"ஆனா அது அவன் வீடுதான்னு நாமதாம்மா காட்டணும்."

எதைக் காட்டுவது? பத்திரம் இல்லை, பட்டா இல்லை. தெருவில் யாருக்குமே இல்லை. நான்கு எல்லையும் ஒரு வீட்டு வரி ரசீதும் கிடைத்தால் மனு போட்டுப் பார்க்கலாம் என்றிருந்தார்.

வளையல்கள் இந்த மாதக் கடைசியில் ஏலத்துக்குப் போகின்றன.

எதிரே இருந்த வீட்டின் கதவு திறந்தது. குருநாதனின் மனைவி.

"பட்டாவுக்கு எழுத வந்திருக்கியா தாயி? வீடு வீடா வந்து எழுதுவாகன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாகளே."

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் கடைக்குத்தான் போயின. இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாதோ? தெரிந்துதான் கேட்கிறாளோ?

தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

"அந்தா தண்ணித் தொட்டி நிக்குதுல்ல, அதான் கிழக்க. எழுதிக்க. மேக்க இவ வீடு."

பக்கத்து மதில்மேல் ஒரு தலை எழுந்தது.

"கனியம்மா வீடுன்னு பேரு போட்டு எழுது. மழைத் தண்ணிய எங்க பக்கந்தான் தள்ளி விடுறாகன்னும் சேத்து எழுது."

"ஆமா, இவ அரமண முங்கிப் போச்சு!"

"முங்கித்தான் போச்சு மதினி. கட்டில்ல ஏறி உக்காந்து கஞ்சி குடிச்சோம்."

இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கலாமா என்ற யோசனை பிறகுதான் வந்தது.

கேட்காமலேயே ரசீது வந்தது. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டினாள் அந்தப் பெண்.

உரிமையாளர்: குருநாதன்.

இதற்காகத்தான் வந்தாள்.

செல்போனில் படம் எடுத்தாள். எழுத்து தெளிவாக விழவில்லை. மறுபடி எடுத்தாள்.

"எங்க வீட்ட யாரு எழுதுவா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

மறுத்தால் சந்தேகம் வரும். போனாள். கனியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

புதுத் தாள். நான்கு கோடு.

மேற்கே சந்து. வடக்கே தெரு. தெற்கே ஓடை.

கிழக்கே என்று எழுதி, அதற்கு நேராகக் குருநாதன் என்று தானாகவே எழுதத் தொடங்கினாள்.

"யாரு பேர எழுதுற?"

சொன்னாள்.

"அவனா? அவன் என்னைக்கு இங்கன தங்குனான்? சித்தாளு வேலைக்குப் போயி, கூலிக்குப் பதிலாக் கல்லு வாங்கியாந்து கட்டுனவ அவ. ராக்கு வீடுன்னு எழுது தாயி."

எழுதிய பாதியைப் பார்த்தாள். அடித்தாள். பேனா அப்படியே நின்றது.

"அவுக முழுப் பேரு என்ன?"

கனியம்மாள் பதில் சொல்லுமுன், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. தப்பில்லாமல் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக.

"மு...த்து...ரா...க்கு."