இருநூறு வருஷத்துச் சுவர்

பத்தொன்பது நாளாக மெரின் கேட்பது ஒரே ஒரு கைப்பிடிக் கம்பி. பழைய பிரெஞ்சுக்கார வீடு ஒன்றில் புதிதாகத் திறந்திருக்கும் மறுவாழ்வு மையத்தில் அவள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகள் பிடித்துக்கொண்டு நடைபழக, தோட்டத்து மஞ்சள் மதிலில் கம்பி பதிக்க வேண்டும். தோட்டம் வடிவமைக்கப் பாரீசிலிருந்து வந்த புதுச்சேரித் தமிழர் அலெக்சி மசியவில்லை.

“இருநூறு வருஷத்துச் சுவரு மேடம். இதுல ஓட்டை போட விடமாட்டேன். மல்லிகை வெச்சிருக்கேன், நீரூத்து வெச்சிருக்கேன். பாத்தாலே உடம்பு தேறிடும்.”

“உக்காந்து பாத்தா கால் வராது சார்.”

“கால் வர வைக்கிறது உங்க வேலை. அழகு என் வேலை.”

சக்கர நாற்காலியில் இருந்த நோயாளி தனிஸ்லாஸ் களுக்கென்று சிரித்தார். இன்றோடு நான்காவது முறையாக, நடைப்பயிற்சியில் பிடிமானம் இல்லாமல் பாதியில் உட்கார்ந்தவர் அவர்.

“என்னய்யா சிரிப்பு? இந்தப் பூச்சைத் தொட்டுப் பாரு. வெள்ளைக்காரன் கைவண்ணம். இப்ப இருக்கற எந்தக் கொத்தனாருக்கு இது வரும்?”

தனிஸ்லாஸ் நாற்காலியை உருட்டிப் போய்ச் சுவரை விரலால் தட்டினார்.

“உள்ள சிமெண்டு ஹாலோ பிளாக் சார். வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி பழசு மாதிரி இருக்கணும்னு அப்ப இருந்த முதலாளி சொன்னாரு. போன வருஷம் எழுப்புனது.”

அலெக்சி ஏளனமாகப் பார்த்தார். “உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கட்டுனதே நான்தான். பூச்சு முடியற அன்னிக்கு இந்தச் சுவரு மேலேர்ந்து விழுந்துதான் சார் என் இடுப்பு போச்சு.”